கதவு மூடியின் நான்கு போல்ட்டுகளும் அம்பத்தூரின் சிவப்புப் பெட்டியும்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். போயிங் போன்ற பெரிய விமானத் தயாரிப்பு நிறுவனங்களுக்கு நம் ஊர்த் தொழிற்கூடங்கள் உதிரிபாகம் செய்து அனுப்புவது பற்றிய செய்திகள் தங்கள் நாளிதழின் வணிகப் பக்கத்தில் அடிக்கடி வருகின்றன. எத்தனை கோடி முதலீடு, எத்தனை பேருக்கு வேலை, ஒப்பந்தத்தின்போது யார் யார் மேடையில் இருந்தார்கள் என்பதெல்லாம் அவற்றில் விவரமாக இருக்கின்றன. அதே போயிங்கின் விமானத்தில் கதவு பிய்த்துக்கொண்டு போனது, விசாரணை நடந்தது, நிறுவனம் அபராதம் கட்டியது என்ற செய்திகளோ வேறொரு நாளில், வெளிநாட்டுப் பக்கத்தில், நமக்கும் அவற்றுக்கும் ஒட்டுமில்லை உறவுமில்லை என்பதுபோல் வெளியாகின்றன. அம்பத்தூர் தொழிற்பேட்டையில் 31 ஆண்டுகள் தர ஆய்வாளராக வேலை பார்த்து ஓய்வு பெற்றவன் என்ற முறையில், இந்த இரண்டையும் ஒரே பக்கத்தில் வைத்துப் படிக்க வேண்டும் என்று கேட்டுக்கொள்ளவே இதை எழுதுகிறேன். (தொழிற்கூடத்தில் எங்களை ‘இன்ஸ்பெக்டர்’ என்றுதான் கூப்பிடுவார்கள். பெண் பார்க்கப் போன வீட்டில் அதைக் காவல்துறை என்று எண்ணிக்கொண்டு எனக்கு மட்டும் இன்னொரு தட்டு பஜ்ஜி வைத்தார்கள்.)

முதலில் அந்தக் கதவைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். 2024 ஜனவரி 5 அன்று அமெரிக்காவின் போர்ட்லண்ட் நகரிலிருந்து 171 பயணிகளும் 6 பணியாளர்களுமாகக் கிளம்பிய அலாஸ்கா ஏர்லைன்ஸின் 737 மேக்ஸ் 9 விமானம் சுமார் 14,800 அடி உயரத்தை எட்டியபோது, அதன் இடப்பக்கச் சுவரில் ஒரு கதவளவுத் துண்டு அப்படியே வெளியே பறந்தது. உண்மையில் அது கதவே அல்ல. இருக்கைகளை நெருக்கிப் போடும் நிறுவனங்களுக்குக் கூடுதல் அவசர வழி தேவைப்படும் என்பதால் அந்த இடத்தில் ஒரு திறப்பு விட்டிருப்பார்கள். தேவைப்படாத விமானங்களில் அதை ஒரு மூடியால் அடைத்துவிடுவார்கள். உள்ளே உட்கார்ந்திருப்பவருக்கு அது மற்றொரு ஜன்னல்தான். மூடி மேல்நோக்கி நழுவிக் கழன்றுவிடாமல் பிடித்து வைத்திருப்பவை நான்கு போல்ட்டுகள். அன்றைக்கு மூடியை ஒட்டிய இரண்டு இருக்கைகளும் காலியாக இருந்தன என்பதால் உயிர்ச்சேதம் இல்லை. மூடியை ஓர் ஆசிரியர் தம் வீட்டுப் பின்புறத்தில் கண்டெடுத்தார்.

அதைப் பரிசோதித்த அமெரிக்கத் தேசியப் போக்குவரத்துப் பாதுகாப்பு வாரியம், அந்த நான்கு போல்ட்டுகளும் உடையவில்லை, கழலவும் இல்லை, விமானம் தொழிற்சாலையை விட்டு வெளியேறும்போதே அவை பொருத்தப்பட்டிருக்கவில்லை என்ற முடிவுக்கு வந்தது. நடந்தது இதுதான். விமானத்தின் உடற்கூடு கான்சாஸ் மாநிலத்து விச்சிட்டாவில், ஸ்பிரிட் ஏரோசிஸ்டம்ஸ் என்ற நிறுவனத்தில் செய்யப்பட்டு, போயிங்கின் ரென்டன் தொழிற்சாலைக்கு ரயிலில் வந்திருக்கிறது. அங்கே மூடிக்குப் பக்கத்தில் ஐந்து ரிவெட்டுகள் (தகடுகளை இணைக்கும் ஆணிகள்) சரியில்லை என்று கண்டுபிடித்திருக்கிறார்கள். அதாவது ஆய்வு வேலை செய்திருக்கிறது. ரிவெட்டை மாற்ற மூடியைத் திறந்தாக வேண்டும். திறந்தார்கள், மாற்றினார்கள், மூடினார்கள், உட்புறப் பலகையை வைத்து மறைத்தார்கள். 2023 அக்டோபர் 31 அன்று விமானத்தை வாடிக்கையாளரிடம் ஒப்படைத்தும் விட்டார்கள். ரிவெட் மாற்றியதற்குத் தாள் இருக்கிறது. மூடியைத் திறந்ததற்குத் தாள் இல்லை. தாள் எழுதியிருந்தால், திரும்ப மூடிய பிறகு ஆய்வாளர் வந்து பார்த்துக் கையெழுத்திட வேண்டும் என்ற நடைமுறை தானாகவே தொடங்கியிருக்கும். எழுதாததால், ஆய்வாளரைப் பொறுத்தவரை அந்த மூடி திறக்கப்படவே இல்லை.

இதைப் படித்துவிட்டு ‘அங்கேயும் சோம்பேறிகள்தான் போலிருக்கிறது’ என்று என் பழைய சகா ஒருவர் சிரித்தார். நான் அதை ஏற்கவில்லை. கதவுகளுக்கான குழுவில் இருந்த 24 பேரில் ஒருவருக்கு மட்டுமே அத்தகைய மூடியைத் திறந்து பழக்கம் உண்டு என்றும், அவர் அப்போது விடுப்பில் இருந்தார் என்றும் விசாரணையில் வெளிவந்தது. ஒரு வேலையைத் தெரிந்த ஒரே ஆள் ஊருக்குப் போயிருக்கும்போது அந்த வேலை வந்து நின்றால் என்ன நடக்கும் என்பது ஷெட்டில் வேலை பார்த்த எவருக்கும் தெரியும். தெரிந்தவரை ஒப்பேற்றுவார்கள். அதற்குத்தான் தாள்.

இரண்டாவதாக நான் சொல்ல வருவது நம் சிறு தொழிற்கூடங்களுக்கு இன்னும் நெருக்கமானது. 2018 அக்டோபர் 29 அன்று ஜகார்த்தாவிலிருந்து கிளம்பிய லயன் ஏர் நிறுவனத்தின் 737 மேக்ஸ் 8 கடலில் விழுந்து 189 பேர் இறந்தார்கள். 2019 மார்ச் 10 அன்று எத்தியோப்பியாவில் அதே வகை விமானம் விழுந்து 157 பேர். இந்த 346 உயிர்களுக்கும் முதற்பொறுப்பு போயிங்குடையதுதான். விமானத்தின் மூக்கைத் தானாகக் கீழே தள்ளும் எம்காஸ் என்ற மென்பொருளை, எதிர்க்காற்றுக்கு விமானத்தின் மூக்கு எந்தக் கோணத்தில் இருக்கிறது என்று அளக்கும் இரண்டு உணரிகள் இருந்தும் ஒரே ஒரு உணரியின் பேச்சை மட்டும் கேட்கும்படி வடிவமைத்ததும், அப்படி ஒன்று இருப்பதையே விமானிகளின் கையேட்டில் சொல்லாமல் விட்டதும் அந்த நிறுவனம். 2021 ஜனவரியில் அது 250 கோடி டாலர் கொடுத்து வழக்கில் ஓர் உடன்பாட்டுக்கு வந்தது. (2025 ஜூன் 12 அன்று அகமதாபாத்தில் நடந்த ஏர் இந்தியா விபத்தை இதனோடு நான் சேர்க்கவில்லை. அது வேறு வகை விமானம், அதன் விசாரணையும் வேறு.)

ஆனால் அந்த ஒற்றை உணரி எங்கிருந்து வந்தது என்பதை நம் ஊரில் யாரும் பேசிக் கேட்டதில்லை. அது புதியதல்ல, பழுதுபார்க்கப்பட்ட பழைய உணரி. ஃப்ளோரிடாவில் இருந்த ஒரு சிறிய பழுதுபார்ப்புக் கூடம் அதைச் சரிசெய்து, அளவொப்பீடு (கேலிபரேஷன்) செய்து, சான்றிதழோடு அனுப்பியது. அளவொப்பீட்டில் 21 பாகை பிசகு. விபத்துக்கு முந்தைய நாள் அது பாலித் தீவின் டென்பசார் விமான நிலையத்தில் அந்த விமானத்தில் பொருத்தப்பட்டது. பொருத்திய பிறகு சோதித்துக் கிடைத்த அளவு பதிவேட்டில் எழுதப்படவில்லை. பராமரிப்புப் பதிவேட்டில் 31 பக்கங்களைக் காணோம் என்றும் இந்தோனேசிய விசாரணை அறிக்கை சொல்கிறது. அந்தப் பழுதுபார்ப்புக் கூடத்தின் உரிமத்தை அமெரிக்க விமானப் போக்குவரத்து நிர்வாகம் 2019 அக்டோபரில் ரத்து செய்தது. உலகின் மிகப் பெரிய விமானத் தயாரிப்பு நிறுவனங்களில் ஒன்றின் பெயர் தாங்கிய விபத்துக்குள், அம்பத்தூரில் நான்கைந்து தெரு தள்ளி இருக்கக்கூடிய அளவுள்ள ஒரு கூடமும் அது கொடுத்த ஒரு சான்றிதழும் இருந்தன. பிசகைப் பிடித்திருக்கக்கூடிய அந்த ஓர் எண்ணை எவரும் எழுதி வைக்கவில்லை.

இவ்வளவு உறுதியாகப் பேசும் நான் சுத்தமானவன் அல்லன். 1990களின் தொடக்கத்தில், பெயர் சொல்ல விரும்பாத ஒரு தொழிற்கூடத்தில், ஒரு சனிக்கிழமை மாலை, 60 புஷ்கள் (தண்டு சுழல்வதற்கான உலோக வளையங்கள்) என் மேசைக்கு வந்தன. 25 மில்லிமீட்டர் துளை, டிராயிங்கின்படி 25.000 முதல் 25.021 வரை இருக்கலாம். அதைச் சோதிக்கும் பிளக் கேஜுக்கு இரண்டு முனைகள். ‘கோ’ முனை நுழைய வேண்டும், ‘நோ-கோ’ முனை நுழையவே கூடாது. நான்கு பீஸ்களில் ‘நோ-கோ’ முனை எந்தத் தடையும் இல்லாமல் வழுக்கிக்கொண்டு இறங்கியது. நான்கையும் தனியே எடுத்து வைத்தேன். சூப்பர்வைசர் வந்தார், கோபப்படவில்லை, தோளில் கைவைத்தார். “வண்டி வாசல்ல நிக்குது தம்பி, இந்த லோடு போனாத்தான் திங்கட்கிழமை சம்பளம். ஒரு கையெழுத்துதானே” என்றார். பீஸ்களோடு போகும் ரூட் கார்டில் அறுபதுக்கும் ‘ஓகே’ எழுதிக் கையெழுத்திட்டேன். ஏதோ தண்ணீர் பம்புக்கான பாகம் அது. எங்கோ ஒரு கிணற்றடியில் நாலு பம்புகள் கொஞ்சம் சீக்கிரமாகத் தேய்ந்திருக்கும், அவ்வளவுதான். ஆனாலும், அன்று என் மேலதிகாரியாக இருந்தவரே அந்த லோடை அனுப்பியாக வேண்டியவர் என்பதும், எனக்கு ‘இல்லை’ என்று சொல்லும் இடத்தை அந்தக் கூடத்தில் யாரும் கொடுத்திருக்கவில்லை என்பதும் எனக்குப் பல ஆண்டுகள் கழித்தே விளங்கின.

விளங்கவைத்தது நான் கடைசியாக வேலை பார்த்த, அதுவும் சிறியதான, இன்னொரு கூடம். அங்கே லாரி உதிரிபாகத்தோடு விமானத்துக்கான அலுமினிய பிராக்கெட்டுகளும் ஜாப் வொர்க்காக வரத் தொடங்கின. விமானத் தொழிலுக்கான ஏஎஸ் 9100 என்ற தரச்சான்று வாங்குவதற்காக வந்த ஆலோசகர் முதல் நாளே எல்லா மேசையிலிருந்தும் ஒயிட்னர் பாட்டில்களைப் பொறுக்கி எடுத்துக் குப்பையில் போட்டார். தப்பாக எழுதினால் ஒரே கோட்டால் அடித்து, பக்கத்தில் சரியானதை எழுதி, சுருக்கொப்பமும் தேதியும் இட வேண்டும். அடித்தது என்னவென்று பின்னால் படிப்பவருக்குத் தெரிய வேண்டும். உலோகக் கட்டி எந்த உருக்கில் வந்தது என்று காட்டும் ஹீட் நம்பர் முதல் எந்த மெஷினில் எந்த ஷிஃப்டில் யார் ஓட்டியது என்பது வரை ஒவ்வொரு பீஸோடும் ஒரு கார்டு நடக்க வேண்டும். மூலையில் சிவப்பு பெயின்ட் அடித்த இரும்புப் பெட்டி ஒன்று வைத்தார்கள். ரிஜெக்ட் ஆன பீஸ் அதற்குள் போனால் முதலாளியே வந்தாலும் வெளியே வராது. பூட்டின் சாவி என்னிடம். நான் தயாரிப்பு மேலாளருக்குக் கீழே இல்லை, நேரே முதலாளிக்குக் கீழே.

ஒருமுறை ஒரு மைக்ரோமீட்டரின் அளவொப்பீட்டு ஸ்டிக்கரில் தேதி முடிந்து இரண்டு நாள் ஆகியிருந்ததைத் தாமதமாகக் கவனித்தேன். அந்த இரண்டு நாளில் அதைக் கொண்டு அளந்த அத்தனை பீஸையும் வேறு கருவியில் மறுபடி அளந்தோம். எல்லாமே சரியாக இருந்தன. முதலாளி தலையில் அடித்துக்கொண்டார். ஆனால் அளப்பதை நிறுத்தச் சொல்லவில்லை. அந்தக் கடைசிக் கூடத்து வேலைதான் என் தொழிலைப் பற்றி எனக்கு மரியாதை வரவழைத்தது என்று ஒப்புக்கொள்வதில் வெட்கமில்லை.

போயிங்குக்கு இது தெரியாதா என்றால், உலகத்துக்கே சொல்லிக்கொடுத்த நிறுவனம் அது. 1916இல் சியாட்டிலில் தொடங்கிய அந்த நிறுவனம் 1935இல் ராணுவத்துக்குக் காட்டிய மாடல் 299 என்ற நான்கு எஞ்சின் குண்டுவீச்சு விமானம், அந்த ஆண்டு அக்டோபர் 30 அன்று சோதனைப் பறப்பில் மேலேறியதுமே விழுந்தது. இயந்திரக் கோளாறு இல்லை. நிறுத்தி வைக்கும்போது காற்றில் ஆடாதிருக்க வால் பகுதியில் போட்டிருந்த பூட்டை எடுக்க மறந்துவிட்டார்கள். விமானியோ தேர்ந்த அனுபவசாலி. மனித ஞாபகத்தை நம்ப முடியாது என்று கண்டு, கிளம்பும் முன் ஒவ்வொன்றாகப் படித்துச் சரிபார்க்கும் பட்டியலை உருவாக்கினார்கள். இன்று மீனம்பாக்கத்திலிருந்து கிளம்பும் ஒவ்வொரு விமானத்திலும் விமானிகள் படிக்கும் பட்டியலின் மூதாதை அதுதான். அந்த விமானம் பிறகு பி-17 என்ற பெயரில் ஆயிரக்கணக்கில் பறந்தது.

அப்படிப்பட்ட இடத்தில் எப்படி இது தளர்ந்தது என்பதற்கு, 1997இல் மெக்டொனல் டக்ளஸ் நிறுவனத்தோடு இணைந்த பிறகு பொறியாளர்களின் கை தாழ்ந்து கணக்காளர்களின் கை ஓங்கிவிட்டது என்று பலரும் சொல்கிறார்கள். அது மட்டுமே காரணம் என்று நான் நினைக்கவில்லை. ஆனால் தலைமையகத்தை 2001இல் தொழிற்சாலைகள் இருந்த சியாட்டிலை விட்டுச் சிகாகோவுக்கும், 2022இல் தலைநகர் வாஷிங்டனை ஒட்டிய ஆர்லிங்டனுக்கும் கொண்டுபோனதில் ஒரு விஷயம் தெரிகிறது: மாடிப்படி இறங்கி ஷாப் ஃப்ளோருக்கு வரும் பழக்கம் மேலே இருப்பவர்களுக்கு இல்லாமல் போயிற்று. கதவு மூடி பறந்த பிறகு அமெரிக்க விமானப் போக்குவரத்து நிர்வாகம் நடத்திய தணிக்கையில், ஸ்பிரிட் நிறுவனத்தில் கதவின் ரப்பர்ச் சீலைச் சரிபார்க்க ஹோட்டல் அறைச் சாவி அட்டையைச் செருகிப் பார்த்துக்கொண்டிருந்தார்கள் என்று செய்தி வந்தது. அந்தச் செய்தியைப் படித்தபோது எனக்குச் சிரிப்பு வரவில்லை. எங்கள் கூடத்தில் கேஜ் தொலைந்த அன்று சிகரெட் அட்டையைச் செருகி இடைவெளி பார்த்த நண்பர்களின் முகங்கள்தான் நினைவுக்கு வந்தன. 2005இல் தான் விற்றுவிட்ட அந்த விச்சிட்டா ஆலையைத் திரும்ப வாங்குவதாக 2024 ஜூலையில் போயிங் ஒப்பந்தம் போட்டது. வெளியே கொடுத்த வேலையைக் கண்ணெதிரே வைத்துக்கொள்ள வேண்டும் என்று அதற்கே தோன்றிவிட்டது.

நமக்கு வருகிறேன். கதவு மூடி பறந்த பதினான்காம் நாள், 2024 ஜனவரி 19 அன்று, பெங்களூருவை அடுத்த தேவனஹள்ளியில் 43 ஏக்கரில் போயிங்கின் புதிய பொறியியல் வளாகத்தைப் பிரதமர் திறந்து வைத்தார். சென்னையிலும் அதன் பொறியியல் மையம் இயங்குகிறது. அரக்கோணம் ராஜாளி கடற்படைத் தளத்திலிருந்து பறக்கும் பி-8ஐ (P-8I) ரோந்து விமானங்கள், 737இன் உடலையே அடிப்படையாகக் கொண்டு அதே ரென்டனில் உருவானவை. நம் கடற்படையிடம் அவை 12 இருக்கின்றன. 2018 மத்திய பட்ஜெட்டில் அறிவித்த பாதுகாப்புத் தொழில் வழித்தடத்தில் சென்னை, ஓசூர், சேலம், கோவை, திருச்சி ஆகிய ஐந்தும் இடம்பெற்றன. ஸ்ரீபெரும்புதூர் பக்கம் வல்லம் வடகாலில் விண்வெளி, விமானத் தொழிலுக்கென்றே பூங்கா இருக்கிறது. 2022இல் மாநில அரசு வெளியிட்ட கொள்கை, பத்தாண்டுகளில் 75,000 கோடி ரூபாய் முதலீட்டையும் ஒரு லட்சம் வேலைகளையும் இலக்காக வைத்தது. இவற்றில் ஒன்றையும் நான் குறை சொல்லவில்லை. என் மகனின் நண்பர்களில் இரண்டு பேர் அந்த வேலைகளில்தான் இருக்கிறார்கள். அந்த ஒரு லட்சத்தில் சாவியைக் கையில் வைத்திருக்கும் ஆய்வாளர்கள் எத்தனை பேர் என்ற கேள்வி மட்டும் எந்தச் செய்தியிலும் வரவில்லை என்கிறேன்.

அந்தச் சாவி ஏன் கைமாறுகிறது என்பதற்கு நேர்மையின்மை ஒரு காரணம் என்றால், பணம் வரும் வேகம் அதைவிடப் பெரிய காரணம். சிறு நிறுவனங்களுக்கு 45 நாளுக்குள் பணம் தந்துவிட வேண்டும் என்று 2006ஆம் ஆண்டுச் சட்டம் சொல்கிறது. நான் வேலை பார்த்த கூடங்களில் தொண்ணூறு, நூற்றிருபது நாள் என்று காத்திருந்த பில்களே அதிகம். மூன்று மாதப் பணம் வெளியே நிற்கும் முதலாளிக்கு வாசலில் நிற்கும் வண்டி தெய்வமாகத் தெரியும். எனக்கு அன்று தோளில் கைவைத்த சூப்பர்வைசர் கெட்டவர் அல்லர். தீபாவளிக்குத் தம் மோதிரத்தை அடகு வைத்து எங்களுக்கு போனஸ் கொடுத்தவர். பெரிய நிறுவனங்களும் அவற்றுக்கு இடையில் நிற்கும் முதல்நிலை ஒப்பந்ததாரர்களும் நாள் தவறாமல் பணம் கொடுத்தாலே பாதி ‘ஓகே’க்கள் எழுதப்படாமல் போகும்.

அரசுக்கு நான் வைக்கும் கோரிக்கை பெரியதல்ல. விமானத் தொழிலுக்கென்று மானியம் தரும்போது இயந்திரம் வாங்க மட்டுமின்றி அளவொப்பீட்டுக்கும் ஆய்வாளரின் ஊதியத்துக்கும் ஒரு பங்கை ஒதுக்கலாம். ஃபிட்டர், டர்னர், மெஷினிஸ்ட் படிக்கும் பிள்ளைகளுக்கு வெர்னியர் பிடிக்கக் கற்றுக்கொடுப்பதோடு, கார்டு எழுதவும், பிடிக்காத பீஸைத் தனியே வைத்துவிட்டு அதற்குக் காரணம் எழுதவும் அதே அக்கறையோடு கற்றுக்கொடுக்கலாம். வேலை கொடுக்கும் நிறுவனங்கள், ஆய்வாளர் யாருக்குக் கீழே வேலை செய்கிறார் என்பதைச் சான்றிதழில் பார்ப்பதோடு நிற்காமல், மாதம் முடியும் கடைசி இரண்டு நாளில் நேரில் வந்து பார்க்க வேண்டும். மற்ற நாளில் எல்லாக் கூடமும் ஒழுங்காகத்தான் இருக்கும்.

தங்களிடமும் ஒரு வேண்டுகோள். அடுத்த முறை தங்கள் நிருபர் விமான உதிரிபாகம் செய்யும் கூடம் ஒன்றைப் பார்க்கப் போகும்போது, இறக்குமதி செய்த மெஷினின் விலையைக் குறித்துக்கொண்ட பிறகு, ரிஜெக்ஷன் பெட்டி எங்கே என்று கேட்கச் சொல்லுங்கள். யாரிடம் சாவி இருக்கிறதோ அவரையே திறக்கச் சொல்லட்டும். உள்ளே நாலு பீஸ் கிடந்து, ஒவ்வொன்றிலும் கையெழுத்தோடு சிவப்பு டேக் தொங்கினால் அந்தக் கூடத்தைப் பற்றி நல்லவிதமாக எழுதலாம். பெட்டி காலியாகப் பளபளவென்று இருந்தால், எத்தனை மாதமாகக் காலியாக இருக்கிறது என்று இன்னொரு கேள்வி கேட்கட்டும்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற தர ஆய்வாளர்,
கொரட்டூர், சென்னை.